கூரை தனி, வலை தனி: ஜவ்வாது மலையில் மூவருக்கான கோடைக் கூடாரம் – ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு மே மாதம் ஏலகிரி அடிவாரத்தில், நண்பர் ஒருவரின் மாந்தோப்பில், நானும் என் தம்பியும் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கினோம். கடையில் வாங்கிய, இருவர் படுக்கும், குவிந்த வடிவ டோம் கூடாரம். எடை 2.6 கிலோ. பத்து மணிக்கு உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினோம். பதினொன்றாவதற்குள் இருவரின் பனியனும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜிப்பைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். இரண்டு மணிவாக்கில் தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் காரில் படுத்துவிட்டான். விடியற்காலை சற்றே குளிர்ந்தபோது கூரையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். எங்கள் மூச்சின் ஈரமெல்லாம் அங்கே முத்துமுத்தாகக் கோத்து நின்றது. ஒரு சொட்டு மழைகூடப் பெய்யாத இரவில் என் தலையணை நனைந்திருந்தது.

அந்தக் கூடாரத்தை ஈரம் காயாமலே சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இந்த ஆண்டு மார்ச்சில் பிரித்தபோது உட்பூச்சு பிசுபிசுவென்று கையோடு வந்தது. ஃபைபர் கம்பி ஒன்றும் நார் நாராகப் பிளந்திருந்தது. ஆகவே புதிதாக ஏதாவது வாங்கியே தீர வேண்டிய நிலை. இன்னொரு டோம் வாங்குவதற்கு முன் கோடையில் வெட்டவெளியில் படுப்பவருக்கு உண்மையில் என்ன தேவை என்று முதலிலிருந்து யோசித்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். அதில் எடுத்த முடிவுகள், மலையில் அவை பட்ட பாடு, திரும்பி வந்து செய்த திருத்தம் ஆகியவற்றை அளவோடும் விலையோடும் இங்கே எழுதுகிறேன்.

போன இடம், போன ஆட்கள்

எங்கள் ஊர் வாணியம்பாடி. ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். 1986 இல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. சமவெளி கொதிக்கும் மே மாதத்திலும் அங்கே இரவில் காற்று இருக்கும். விளக்கு வெளிச்சம் குறைவு என்பதால் வானம் கறுப்பாகத் தெரியும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தால், தம்பியுடன் வேலை பார்ப்பவரின் உறவினருடைய பட்டா நிலம் வரும். சாமையும் கேழ்வரகும் விளையும் மலைநிலம். நிலத்துக்காரர்கள் இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியினர், கேரளத்தவர் அல்ல. நிலத்தில் தங்க ஒப்புதல் தந்தார்கள்.

பட்டா நிலம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் அங்கே நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கோடையில் காடு காய்ந்த வைக்கோல்போல இருக்கும். நாங்கள் நெருப்பே மூட்டவில்லை. சமையலும் நிலத்துக்காரர் வீட்டு அடுப்பில்தான் நடந்தது.

போனது மூன்று பேர்: நான், தம்பி, அக்கா மகன். அக்கா மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவன். “இந்த முறை என்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது மாமா” என்று ஜனவரியிலிருந்தே சொல்லி வைத்திருந்தான். இரண்டு இரவுகள். தங்குமிடச் சாமான் முழுவதற்கும் மூன்று கிலோ, 5,000 ரூபாய் என்று எல்லை வைத்தோம்.

வயலோரத்தில் கண்ட கூரை

ஒரு நாள் வேலூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் தங்கியிருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். வாத்துகளை வலை கட்டி அடைத்திருந்தார். பக்கத்தில் அவர் படுக்கும் இடம். இரண்டு கழி, நடுவே ஒரு கயிறு, அதன்மேல் நீலத் தார்ப்பாய். காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாயைத் தரையோடு தாழ்த்தி வரப்பு மண்ணைப் போட்டு அழுத்தியிருந்தார். மறுபக்கம் இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தது. உள்ளே நான்கு மூலையும் கட்டிய கொசுவலை, கீழே பாய். ஊர் ஊராக, வயல் வயலாகப் போகிறவர்களின் வீடு அது. ஆண்டு முழுவதும் அதில்தான் படுக்கிறார்.

எனக்கு அங்கே தெளிந்தது இதுதான். கடைக் கூடாரம் மழை, காற்று, குளிர், பூச்சி, தரை ஈரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பையாகத் தைக்கப்பட்டது. குளிர்நாட்டுக்கு அது சரி, உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்தால்தான் அங்கே தூங்க முடியும். நம் ஊர்க் கோடையிலோ அந்தச் சூடுதான் பகை. நமக்கு வேண்டியவை மூன்று: தலைக்கு மேல் மழை தாங்கும் ஒரு துணி, உடம்பைச் சுற்றி ஒரு வலை, முதுகுக்குக் கீழே ஈரம் ஏறாத ஒரு தாள். இவற்றைப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் மலிவாகவும் இலேசாகவும் வாங்கலாம். வானம் தெளிந்த இரவில் கூரையைச் சுருட்டிவிட்டு வலைக்குள் படுத்து நட்சத்திரம் பார்க்கலாம்.

இது புதிய யோசனை அல்ல. 1955 இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுநடைப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி கூடாரம் கொண்டு போகவில்லை. மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றுதான். 3,000 கிலோமீட்டருக்கும் நீண்ட பாதை அது. அவரையும் வாத்து மேய்ப்பவரையும் நான் ஒரே இடத்தில்தான் வைக்கிறேன். சுமக்கிறவருக்குத்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தெரியும்.

ஒதுக்கியவை

மூவர் படுக்கும் கடை டோம் மூன்றரைக் கிலோ வந்தது. எடை எல்லையை அதுவே தாண்டியது, புழுக்கமும் பழையபடிதான் இருக்கும். ஒரு கிலோவுக்குள் அடங்கும் வெளிநாட்டு இலேசுக் கூடாரங்கள் பல்லாயிரம் ரூபாய். அவற்றைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

தூளிபோல மரத்தில் கட்டித் தொங்கும் ஹாம்மாக்கை அக்கா மகன் மிகவும் விரும்பினான். கோடைக்கு அருமையான பொருள். முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடும், தரையில் ஊரும் எதுவும் எட்டாது. தனியாகப் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் மூவருக்கு மூன்று தூளி, மூன்று வலை, மூன்று கூரை, ஏற்ற இடைவெளியில் ஆறு மரம் தேவைப்படும். மலைநிலத்தில் அப்படி வாய்க்கும் என்று நம்பிப் போக முடியாது. தம்பிக்கு முதுகுவலி வேறு.

நீலத் தார்ப்பாய் கடைசிவரை போட்டியில் இருந்தது. பத்தடிக்குப் பத்தடி, சதுர மீட்டருக்கு 90 கிராம் தரம் என்றால் ஏறக்குறைய 840 கிராம். விலை மிகவும் குறைவு. ஆனால் மடித்தால் தலையணை அளவுக்கு உப்பிக்கொண்டு நிற்கும், மடிப்பு விழுந்த இடத்தில் சீக்கிரம் வெடிக்கும், காற்றில் இரவு முழுவதும் படபடக்கும். ஒரே ஒரு முறை போகிறவர் அதையே வாங்கலாம், தவறில்லை. எங்களுக்குப் பல ஆண்டு உழைக்க வேண்டும்.

துணி

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல்தொழில் இருப்பதால் செருப்புக்கும் பைக்கும் உள்வைக்கும் துணி விற்கும் கடைகள் உண்டு. பூச்சுப் பூசிய பாலியஸ்டர் துணியை அங்கே குடைத்துணி என்றோ பாராசூட் துணி என்றோ கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரில் நான்கு தரம் இருக்கிறது. நாங்கள் கடையிலேயே இரண்டு சோதனை செய்தோம். முதலாவது, துணியை வாயோடு ஒட்டிப் பலமாக ஊதினோம். மூச்சு மறுபக்கம் போனால் அது வெறும் துணி, போகாவிட்டால் பூச்சு உண்டு. இரண்டாவதற்குக் கடைக்காரர் பொறுமையாக இடம் கொடுத்தார். துணியைக் குழித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பிடித்து வைத்தோம், பிறகு அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தோம். முதல் இரண்டு துணிகளில் விரல் ஈரமானது. மூன்றாவதில் காய்ந்தே இருந்தது. அதை வாங்கினோம்.

விற்பனைக்கு வரும் கூடாரங்களில் இந்த நீர்தாங்கும் திறனை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். துணியின்மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அந்த எண். கூரைக்கு 1,500 இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. தரைக்கு அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் முழங்காலோ முழங்கையோ ஊன்றும் இடத்தில் அழுத்தம் பல மடங்காகும். டெனியர் என்று ஒரு எண்ணும் இருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது அது. அது நூலின் பருமனைத்தான் காட்டும், நீர் தாங்குமா என்பதைக் காட்டாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

நைலானா பாலியஸ்டரா என்று கேட்டால், நம் ஊருக்குப் பாலியஸ்டர் என்பேன். நைலான் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சி நெகிழும். இழுத்துக் கட்டிய கூரை நள்ளிரவில் தொய்ந்து முகத்தில் படும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும்.

நாங்கள் வாங்கிய துணியின் அகலம் ஒன்றரை மீட்டர், எடை சதுர மீட்டருக்கு 75 கிராம். 7.5 மீட்டர் வாங்கி இரண்டாக வெட்டி, நீளவாக்கில் இணைத்தால் மூன்று மீட்டர் அகலமும் ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு விரிப்பு. இணைப்பு வரும் இடம் கூரையின் முகடு.

ஆம்பூரில் பை தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டு போனோம். துணியைப் பார்த்ததும் முதலில் அவர் சொன்னது நூலைப் பற்றி. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும், பாலியஸ்டர் நூல்தான் போட வேண்டும் என்றார். முகட்டுத் தையலில் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, ஜீன்ஸ் கால்சட்டையின் பக்கத் தையல்போல இரட்டை ஓட்டு ஓட்டினார். நான்கு மூலையிலும் பக்கங்களின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்கு அதே துணியில் இரண்டு மடிப்பு வைத்து, பைக்குத் தோள்வார் போடும் நாடாவில், கயிறு கோக்கக் காது தைத்தார். உலோக வளையம் அடிக்கலாமா என்று கேட்டேன். துணியில் ஓட்டை போட்டுத்தான் வளையம் அடிக்க வேண்டும், இழுப்பு முழுவதும் அந்த ஓட்டையில் விழும், நாடாவில் அப்படியில்லை என்றார். பின்னால் மலையில் அவர் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

துணிக்கு 975, தையற்கூலி 350, மூன்று மில்லிமீட்டர் கயிறு 20 மீட்டருக்கு 160, கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் அலுமினிய முளை எட்டுக்கு 200, இரட்டைக் கட்டில் கொசுவலை 650, தரைக்கு நூறு மைக்ரான் பாலித்தீன் தாள் 120, தையல் அடைக்கும் பசை 280. ஆக 2,735 ரூபாய். எடை: விரிப்பு 860 கிராம், கயிறு 180, முளை 120, வலை 520, தாள் 390. மொத்தம் 2,070 கிராம். மூன்று பையில் பிரித்தால் ஆளுக்கு 700 கிராம்கூட இல்லை.

தரைக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரிக்கலாமே, சும்மா கிடைக்கிறதே என்று தம்பி கேட்டான். எடை போட்டுப் பார்த்தோம். அது மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டியது.

மொட்டை மாடி

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் டிஷ் கம்பத்துக்கும் இடையே கயிறு கட்டி விரிப்பைப் போட்டோம். அக்கா மகன் குழாயைப் பிடித்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தான். நான் உள்ளே படுத்திருந்தேன். துணி ஒரு சொட்டும் விடவில்லை. முகட்டுத் தையலில் மட்டும் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் நீர் பூத்து, பிறகு கோடாக இறங்கியது.

அதனால்தான் அந்தப் பசை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய துணிகளில் பெரும்பாலும் இருப்பது பாலியூரித்தேன் பூச்சு. சிலிக்கான் பசை அதில் நிற்காது, சில நாளில் உரிந்துவிடும். பூச்சு எதுவோ பசையும் அதே இனமாக இருக்க வேண்டும். தையலின்மேல் தூரிகையால் தடவி ஒரு நாள் காயவிட்டு மறுபடி தண்ணீர் அடித்தோம். நின்றுவிட்டது.

முடிச்சுப் பழகியதும் மாடியில்தான். அக்கா மகனுக்கு இரண்டே முடிச்சு சொல்லிக் கொடுத்தேன்: இழுத்தால் நகர்ந்து, விட்டால் பிடித்துக்கொள்ளும் முடிச்சு ஒன்று, ஒரே இழுப்பில் அவிழும் உருவாஞ்சுருக்கு ஒன்று. இருட்டில் கட்ட வேண்டி வரும் என்பதால் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டச் சொன்னேன். நான்காம் நாள் என்னைவிட வேகமாகக் கட்டினான்.

மலையில்

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பலா மரங்களுக்கு நடுவே அளவெடுத்தாற்போல இடம் தெரிந்தது. கயிறு கட்டத் தொடங்கினோம். வீட்டுப் பாட்டி அங்கிருந்தே கையை ஆட்டித் தடுத்தார். “அங்கே வேண்டாம் தம்பி. பழம் விழும். வாசனைக்குக் கரடியும் வரும்” என்றார். மேலே பார்த்தால் கைக்கெட்டாத உயரத்தில் ஏழெட்டுப் பலா. பாட்டி காட்டிய இடம் வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, சற்று மேடான திட்டு. ஒரு பக்கம் புங்க மரம், மறுபக்கம் மரமில்லை. அவர்களே ஒரு மூங்கில் கழி கொடுத்தார்கள்.

முதல் இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. தென்மேற்குப் பக்கத்தைத் தாழ்த்தி மறுபக்கத்தைத் தோளுயரம் தூக்கிக் கட்டினோம். பாலித்தீன் தாளின்மேல் அவர்கள் கொடுத்த கோரைப்பாய், சுற்றிலும் வலை. ஒன்பது மணிக்குத் தெற்கே மலை விளிம்புக்குச் சற்று மேலே தென்சிலுவை நின்றது. அக்கா மகன் அதை வாழ்க்கையில் முதல் முறை பார்க்கிறான். தென்கிழக்கில் விருச்சிகம் கொடுக்கோடு எழும்பிவரும்வரை அவன் தூங்கவில்லை. புழுக்கம் என்ற பேச்சே இல்லை. விடியற்காலையில் போர்வையைத் தேட வேண்டியிருந்தது.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு பக்கமும் அதன் ஓரத்தைப் பாயின் அடியில் செருகினோம். கொசுவுக்காக மட்டும் அல்ல. கட்டு விரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிக்காமலே போவதும் உண்டு. தூக்கத்திலேயே விஷம் ஏறிவிடும். செருகிய வலை அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. செருகாமல் தொங்கவிட்ட வலை அதற்குப் பயன்படாது. கடைக் கூடாரத்தில் தரையும் சுவரும் சேர்த்துத் தைத்திருப்பதால் இந்தக் கவலை இல்லை. நம் முறையில் ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் கையால் சுற்றித் தடவிச் செருக வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாதவர்கள் இந்த முறைக்கு வரக் கூடாது. விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போகும் வழி எது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேற்கே கறுத்தது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினோம். முப்பது நொடிக்குள் வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அவர்களுடைய தொகுப்பு வீட்டுக்குள் போய்விட்டோம். எந்தத் துணிக்கூரையும் இடியிலிருந்து காக்காது. மரத்தில் கட்டிய கூரையின் கீழ் இருப்பது மரத்தடியில் நிற்பதற்குச் சமம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வந்தோம்.

உண்மையான சோதனை இரவு ஒன்றே முக்கால் மணிக்கு வந்தது. இடியில்லை, ஆனால் காற்றோடு கனமழை. உயரமாகக் கட்டிய பக்கம் காற்றைப் பாய்மரம்போல வாங்கியது. இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டு போயின. மாலை மழையில் ஊறிய மண், விரல் நீள அலுமினிய முளையை எப்படிப் பிடிக்கும்? தம்பி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முகட்டுக் கயிற்றை இறக்கினான். நான் வயலோரத்திலிருந்து தேங்காய் அளவு கற்களைக் கொண்டுவந்து கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். அந்த இழுபறியில் ஒரு மூலையில் காது பிய்ந்து வந்துவிட்டது. துணி கிழியவில்லை, நாடாவின் தையல்தான் விட்டது. ஓட்டை போட்டு அடித்த வளையமாக இருந்தால் துணியையும் சேர்த்துக் கிழித்திருக்கும். அக்கா மகன் எலுமிச்சை அளவுக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து, துணியின் மூலையில் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் உருவாஞ்சுருக்கைப் போட்டு இறுக்கினான். விடியும்வரை அந்த மூலை அசையவில்லை.

கூரை தாங்கியது. ஆனால் உள்ளே மூவருக்கு இடமில்லை. இங்கேதான் என் கணக்கு பிழைத்தது. முகடு 1.05 மீட்டர், சரிவு ஒன்றரை மீட்டர் என்றால் தரையில் 2.14 மீட்டர் அகலம் கிடைக்கும் என்று பென்சிலில் போட்டு வைத்திருந்தேன். ஆளுக்கு 65 சென்டிமீட்டர் வைத்தால் மூவருக்கு 1.95 மீட்டர், போதுமே என்று நினைத்தேன். ஆனால் படுத்திருக்கும் ஆள் தாள்போலத் தட்டையானவர் அல்ல. தோள் தரையிலிருந்து ஓரடி உயரம் வரும். அந்த உயரத்தில் சரிவுகளுக்கு இடையே உள்ள அகலம் ஒன்றரை மீட்டர்தான். அது இருவருக்கான அளவு. முதல் இரவில் ஓரங்கள் உயர்ந்திருந்ததால் இது தெரியவில்லை. மழையில் தாழ்த்தியதும் ஓரத்தில் படுத்த எனக்கும் தம்பிக்கும் ஈரத்துணி தோளில் ஒட்டியது, வலையும் சேர்ந்து ஒட்டியதால் கொசு வலை வழியாகவே கடித்தது. நடுவில் படுத்தவன் மட்டும் காய்ந்திருந்தான். அவன் காய்ந்திருந்ததில் எனக்கு நிம்மதி.

இன்னொரு பிழையும் நடந்தது. தரைத்தாள் ஒரு பக்கம் கூரையைவிட ஒரு சாண் வெளியே நீண்டிருந்தது. கூரையிலிருந்து வழிந்த நீர் அந்தத் தாளில் விழுந்து, தாளோடு ஓடிவந்து பாயின் அடியில் தேங்கியது. மழை மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. ஓரத்தை உள்ளே மடித்துவிட்டதும் நின்றது. தரைத்தாள் எப்போதும் கூரையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், மடித்த ஓரம் மேல்நோக்கி நிற்க வேண்டும்.

மூன்றரை மணிக்கு மழை விட்டது. மேட்டுத்திட்டில் தண்ணீர் தேங்கவே இல்லை. காலையில் பார்த்தால், முந்தைய நாள் நாங்கள் கட்டத் தொடங்கிய பலா மரத்தடி கணுக்கால் ஆழத்துக்குக் குளமாக இருந்தது. ஒரு பழமும் விழுந்து பிளந்து கிடந்தது. துணி, தையல், முடிச்சு எல்லாவற்றையும்விட அந்த இரவில் எங்களைக் காத்தது பாட்டி காட்டிய இடம்.

திருத்தம்

திரும்பி வந்ததும் விரிப்பை முதலில் மாடியில் இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். பழைய கூடாரம் கெட்டது ஈரத்தோடு சுருட்டியதால்தான். பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் சிதைந்துவிடும்.

மூவருக்கு வேண்டிய அகலத்தை மறுபடி கணக்கிட்டோம், இம்முறை தரையில் அல்ல, தோளுயரத்தில். இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் கூட்டினால் சரிவு 1.95 மீட்டராகும். முகட்டை 1.2 மீட்டரில் கட்டி ஓரங்களைத் தரைவரை இறக்கினாலும் ஓரடி உயரத்தில் 2.3 மீட்டர் கிடைக்கும். மூவருக்குப் போதும், வலையும் ஒட்டாது. இன்னொரு 3.75 மீட்டர் துணி வாங்கி நீளவாக்கில் மூன்று பட்டையாகக் கிழித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆகும், மூன்றாவது பட்டை ஒட்டுப்போட உதவும். கூடுதல் எடை கால் கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 2.4 கிலோவுக்குள் நிற்கிறது. கூடுதல் செலவு கூலியோடு 800 ரூபாயைத் தாண்டாது. இருவர் மட்டும் போவதானால் முதலில் தைத்த அளவே சரியானது, மாற்ற வேண்டாம்.

முளைகளில் நான்கை விட்டுவிட்டோம். அவற்றுக்குப் பதிலாக, கல்லையோ அங்கே கிடைக்கும் குச்சியையோ கட்டிக்கொள்ள ஒவ்வொரு கயிறும் ஒரு மீட்டர் கூடுதல் நீளம். பிய்ந்த காதுக்கு நாடாவைப் பெட்டித் தையலாக, அதாவது சதுரமாகச் சுற்றி நடுவே குறுக்காகவும் ஓட்டித் தைக்க வேண்டும். வலையின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் காடாத் துணி வைத்துத் தைத்தால் பாயின் அடியில் செருகுவது எளிது, கிழியவும் கிழியாது.

இந்த முறையை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். தவழும் குழந்தையோடு போகிறவர்களுக்குத் தரையோடு தைத்த கூடாரம்தான் பாதுகாப்பு. மரமோ கழியோ கிடைக்காத வெட்டவெளிக் கடற்கரைக்கும், விடாமல் பெய்யும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் இது பொருந்தாது. ஏப்ரல், மே மாதங்களில் தெரிந்தவர் நிலத்தில், வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, ஓரிரு இரவு தங்குகிறவர்களுக்கு இதைவிட மலிவாகவும் இலேசாகவும் வேறொன்றை நான் கண்டதில்லை.

நேற்று ஆம்பூருக்குப் போய்ப் பட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தோம். எங்கே இணைப்பது என்று அந்த அண்ணன் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அக்கா மகன் தரையில் மல்லாந்து படுத்து, தோளுக்கு நேரே இரு பக்கமும் கையை உயர்த்தி, “துணி இங்கே படக் கூடாது அண்ணா” என்று காட்டினான். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார்.